டோரோ: எல்லைக்கல்லும் தூக்குமரமும்

போர்ச்சுகலின் டோரோ ஆற்றங்கரைப் பாறைச் சரிவுகளில், கல்லடுக்கிக் கட்டிய படிநிலங்களில் விளையும் திராட்சையிலிருந்து பிறப்பதே போர்ட் எனும் செந்நிற ஒயின். 1703ஆம் ஆண்டின் மெத்யுவன் ஒப்பந்தம், பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரியில் அதற்கு இங்கிலாந்துச் சந்தையைத் திறந்துவிட்டது. தேவை பெருகவே, எல்டர் பழச்சாற்றால் நிறமேற்றும் கலப்படமும் பெருகிற்று. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் 1756இல் ஒரு வணிகக் கம்பெனியை நிறுவினார். தொடர்ந்து, விளைநிலத்தின் எல்லை கருங்கற்கள் நட்டு வரையறுக்கப்பட்டது. அதே கம்பெனிக்குப் போர்ட்டோ நகர மதுக்கடைகளின் ஏகபோகமும் கிடைத்தது. அதை எதிர்த்து 1757இல் கிளர்ந்தெழுந்த எளிய மக்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். 2001இல் யுனெஸ்கோ அப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. எல்லைக்கற்கள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தரத்தின் அடையாளமாகப் போற்றும் நாம், அந்தத் தூக்குமரங்களையும் சேர்த்தே நினைவில் கொள்வதுதான் வரலாற்றுக்கு நியாயம்.