வீதி சமைத்த கைகள்

நகரமென்பது மாடமாளிகைகளால் மாத்திரம் அமைவதன்று. அதனை நாடி வரும் வீதிகளும் பாலங்களுமே அதற்கு உயிரூட்டுவன. இலங்கையில் அவற்றைச் சமைத்த பொது வேலைப் பகுதியின் வரலாற்றை ஆராயுமிடத்து, ஒரு வினா மீண்டும் மீண்டும் எழக் காண்கின்றோம். பொதுப்பணியின் சுமையை யார் தாங்குவது என்பதே அவ்வினா.

1815 ஆம் ஆண்டிற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயபோது, கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு வண்டி செல்லத்தக்க வீதி இருந்ததில்லை. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் கண்டி வீதியை முன்னின்று அமைப்பித்தார். கடுகண்ணாவைக் கணவாயில் அவ்வீதியை வகுத்த கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவுத் தூபி அங்கு இன்றும் நிற்கின்றது. 1832 இல் அவ்வழியே தபால் வண்டி ஓடிற்று. 1833 இல் முதிரை மரத்தாலாய பாலமொன்று பேராதனையில் மகாவலி கங்கையை 205 அடி நீள ஒரே வளைவாகக் கடந்தது.

இவற்றைக் கண்டு வியப்போர், கல் சுமந்தவரையும் நினைத்தல் வேண்டும். கண்டி மன்னர் காலத்து இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைக் கொண்டே கண்டி வீதி பெரிதும் அமைக்கப்பட்டது. கோல்புறூக் குழுவினர் அதனைக் கண்டித்தனர். 1832 இல் அது நீக்கப்பட்டது.

எனினும் 1848 இல் அது வேறு வடிவிலே திரும்பிற்று. அவ்வாண்டு வீதிச் சட்டத்தின்படி, 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதியில் வேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கீடாக மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். தோட்டத் துரைக்கு மூன்று சிலிங் அற்பம். ஏழைக் குடியானவனுக்கோ அது பெருஞ்சுமை. துப்பாக்கி வரி, நாய் வரி முதலியனவும் உடன்சேர, மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. தேசாதிபதி தொறிங்டனும் 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஆயினும் வீதிவரி மேலும் பல்லாண்டு நிலைத்தது.

1819 இற் சிறுவனாகப் படையிற் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர், வீதிப்பணிக்குத் தலைமை பூண்டு, 1867 இல் இளைப்பாறும்போது ஏறத்தாழ 3,000 மைல் வீதியை விட்டுச் சென்றார். 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநகரசபைகள் தோன்றின. நகரத் தெருக்கள் அவற்றின் பொறுப்பாயின. நெடுவீதிகளும் பெரும்பாலங்களும் பொது வேலைப் பகுதியிடமே நின்றன. 1900 இல் நீர்ப்பாசனப் பகுதி அதனின்றும் பிரிந்தது. பிற்காலத்தில் நெடுவீதிகள் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தன.

பெயர்கள் மாறின, வினா மாறவில்லை. வீதி அனைவர்க்கும் உரியது. அதன் சுமையும் அவரவர் வலுவுக்கேற்ப அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். எளியவன் தோளிலே அதனை ஏற்றிய காலத்தில் வீதி உண்டாயிற்று. நாட்டில் அமைதி உண்டாகவில்லை. இளைஞர்காள்! நாளை நீவிர் பொறியியலாளராகவோ நகரசபை அங்கத்தவராகவோ அமரும்போது இதனை மறவாதிருப்பீராக.