மடு மாதாவின் மண்ணும் அடைக்கலமும்

வன்னியில் ஒருவர் "மடுவுக்குப் போறம்" என்றால், எந்த மடு என்று யாரும் கேட்பதில்லை. மன்னார் மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் மருதமடு மாதா திருப்பதிதான் அது. எங்கள் புளியங்குளத்திலிருந்து போவதென்றால் ஏ-9 வீதியால் வவுனியாவுக்கு இறங்கி, பறயனாலங்குளம் வழியாக மன்னார் வீதியைப் பிடித்து, மடுச் சந்தியில் வடக்கே திரும்ப வேண்டும். நாங்கள் சைவக் குடும்பம். ஆனாலும் அம்மம்மாவின் வீட்டு முகட்டு வளையில் ஒரு சீலை முடிச்சு எப்போதும் தொங்கும். அதற்குள் இருந்தது மடு மண்.

அந்த மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது மடுவின் அற்புத மரபுகளில் மிகப் பரவலானது. யாத்திரிகர்கள் ஆலய வளவில் மண் எடுத்து வந்து வீட்டைச் சுற்றித் தூவுவார்கள். கடிபட்டவருக்குப் பூசுவார்கள், நீரில் கரைத்தும் கொடுப்பார்கள். காடும் வயலும் குளக்கட்டுமாக வாழும் வன்னியில் நாகமும் புடையனும் அன்றாடப் பயம். ஒரு பிரதேசத்தின் அற்புதக் கதைகள் அந்தப் பிரதேசத்தின் பயத்தைத்தான் பேசும். கடலோர வேளாங்கண்ணியில் புயலில் சிக்கிய போர்த்துக்கேய மாலுமிகள் கரைசேர்ந்த கதை நிற்கிறது. காட்டுக்குள் இருக்கும் மடுவில் பாம்புக் கதை நிற்கிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விசப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விசம் ஏறுவதில்லை. கடிக்கும் பாம்புகளில் பல விசமற்றவை. மண் பூசிப் பிழைத்தவர்களில் அப்படியானவர்களும் இருந்திருப்பார்கள். மண்ணை நெற்றியில் பூசுங்கள், கடிவாயில் அல்ல. ஆளை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி வைத்தியசாலைகளுக்கு மருந்து வருவதே பெரும்பாடாக இருந்தது. அப்போது அந்த முடிச்சை அவிழ்த்தவர்களை மூடநம்பிக்கையாளர் என்று நான் சொல்லமாட்டேன்.

மடுவின் பிறப்பே ஓர் இடப்பெயர்வுக் கதை. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். மருத மரங்களும் நீர்மடுவும் இருந்த இடம் மருதமடுவானது. பின்னர் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து மறைவாகப் பணிசெய்த யோசேப் வாஸ் அடிகளார் போன்றவர்களால் இத்தகைய சமூகங்கள் உயிர்பெற்றன. 1872இல் பொஞ்சீன் ஆண்டகை இப்போதைய ஆலயத்தின் கட்டுமானத்தைத் தொடக்கினார். 1924 யூலை 2ஆம் திகதி பாப்பரசரின் பிரதிநிதி சொரூபத்துக்கு முடிசூட்டினார். யூலை 2 இன்றும் பெருவிழா நாள். ஓகஸ்ட் 15 மற்றையது.

கண்ணீர் வடித்த சொரூபம், எண்ணெய் கசிந்த படம் என்றெல்லாம் உலகெங்கும் செய்திகள் வருவதுண்டு. 1953இல் இத்தாலியின் சிரக்கூசா நகரில் ஒரு சுண்ணாம்புச் சொரூபம் அழுததை அப்பிரதேச ஆயர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பொதுவில் திருச்சபை இதில் கையிறுக்கமானது. பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் 7,000க்கும் மேற்பட்டோர் குணமானதாகச் சொல்லப்பட்டும், அற்புதம் என்று ஏற்கப்பட்டவை எழுபது சொச்சந்தான். 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய விதிகளின்படி, இப்படியான நிகழ்வை "இயற்கைக்கு அப்பாற்பட்டது" என்று வழக்கத்தில் அறிவிப்பதில்லை. பக்திக்குத் தடையில்லை என்பதுதான் அதியுயர் முடிவு.

எங்கள் சனங்களுக்கு இந்த விசாரணைகள் அதிகம் தேவைப்பட்டதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிவதைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, மடு மண் அந்நியமாகத் தெரியவில்லை. வேறு மதத்தார் மட்டுமல்ல, வேறு இனத்தாரும் வந்தார்கள். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் திருவிழாக் காலங்களில் மரநிழலில் கொட்டில் போட்டுச் சமைத்துத் தங்குவார்கள்.

போர் வந்தபோது மடுவின் வேறொரு மரபு முன்னுக்கு வந்தது: மாதாவின் வளவுக்குள் போனால் உயிர் தப்பும். 1990இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு அங்கே திறந்த நிவாரண நிலையமொன்றை நிறுவியது. பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். 1997 மேயில் ஜெயசிக்குறு தொடங்கிப் புளியங்குளம் சண்டைக்களமானபோது நாங்கள் மல்லாவிப் பக்கம் போனோம். எங்கள் அயலில் சிலர் மடுவுக்குப் போனார்கள். அவர்கள் தேர்ந்தது ஒரு முகாமை மட்டுமல்ல, ஒரு வாக்குறுதியையும்.

1999 நவம்பர் 20ஆம் திகதி ஆலய வளவில் எறிகணை விழுந்தது. தஞ்சமிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இரு தரப்பும் மற்றையதைக் குற்றஞ்சாட்டின. மடுவின் அற்புதங்களை எழுதும் எவரும் இந்த நாளைத் தாண்டிப் போகமுடியாது. ஆனால் தாண்டிப் போகிறார்கள். சொரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே அற்புதம் என்று பக்தியோடு சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் அதைச் சொல்லமுடியுமா? அப்படிப் பறிகொடுத்த பின்னும் மடுவுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டது வேறு: மாதா காப்பாற்றினா என்று அவர்கள் சொல்வதில்லை, மாதாவும் எங்களோடதான் இருந்தா என்கிறார்கள். சிலுவையடியில் மகனின் உடலைப் பார்த்து நின்றவள் என்பதால் அவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது. எல்லோருக்கும் அல்ல, அன்றோடு போவதை நிறுத்தியவர்களும் உண்டு.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் சண்டை ஆலயத்தை நெருங்க, குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முன் மாந்தையிலிருந்து நடந்தது போலவே, சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்தது. "மாதாவும் அகதியாயிட்டா" என்று அந்நாட்களில் சனங்கள் கதைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் படையினர் மடுவைக் கைப்பற்றினார்கள். ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. அந்த நேரம் வன்னிச் சனங்கள் எதிர்த்திசையில் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பாதை 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

2013இல் மடு வீதிவரை ரயில் மீண்டும் ஓடியது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகல் மடுவுக்கு வந்து போரால் பாதிக்கப்பட்டவர்களோடு செபித்தார். இப்போது திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து பஸ்கள் வருகின்றன. கூட்டத்தில் மெழுகுதிரியோடு ஒரு புகைப்படத்தையும் நெஞ்சோடு பிடித்து நிற்கும் தாய்மாரைக் காணலாம். அவர்கள் கேட்பது நோய் தீரும் வரமல்ல. பிள்ளை எங்கே என்று. திரும்பும்போது அவர்களில் சிலர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறார்கள்.