ஆண்டெனா கேட்காத முகவரி

அனலாக் கேபிளை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற மத்திய அரசு கட்டம் கட்டமாக விதித்த கெடுக்களில் கடைசி 2017 மார்ச் 31. கேரள எல்லையோரத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறை, மூணாறு, குமுளி போன்ற பஞ்சாயத்து ஊர்களெல்லாம் இந்த நான்காம் கட்டத்தில்தான் வந்தன. வாளையார் எல்லையைத் தாண்டினால் கோயம்புத்தூர். அது இரண்டாம் கட்டத்தின் 38 நகரங்களில் ஒன்று. அதற்கான கெடு 2013 மார்ச் 31. அந்த 38-ல் கேரளத்து நகரம் ஒன்றுகூட இல்லை. ஒரே பேச்சு, ஒரே சந்தை, கொள்வினை கொடுப்பினை என்று கலந்து கிடக்கும் இரண்டு பக்கத்துக்கும் நடுவே சட்டப்படி 4 வருஷ இடைவெளி விழுந்தது.

படம் காற்றில் வந்த காலத்தில் இப்படி ஒரு கோடு கிடையாது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-ல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றதெல்லாம் ஒளிபரப்புக் கோபுரத்துக்குத் தெரியுமா? சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாள ஒளிபரப்பு 1985-ல். இடையில் 1984-ல் நாடு முழுக்க நாளுக்கொன்று என்ற வேகத்தில் சிறிய டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். பெரும்பாலும் அவை 100 வாட். ஊரைச் சுற்றிச் சில மைலோடு சரி. மலைக்காரர்களுக்கு வாய்த்தது கொடைக்கானல். 1980-களின் பிற்பகுதியில் அங்கே வந்த உயர்சக்தி நிலையத்துக்கு 10 கிலோவாட் பலம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மூணாறுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான்.

ஆனால் குறுக்கே மலை. தேயிலைத் தோட்டத்தில் கிழக்கு பார்த்த முகட்டில் இருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் படம் கிடைக்கலாம். பள்ளத்தில் இருக்கும் அடுத்த லயத்தில் இரைச்சல்தான் மிஞ்சும். கூரைக்கு மேல் இரும்புக் குழாயை நட்டு, அலுமினியக் கம்பிகளை அதன் உச்சியில் பூட்டி, பட்டையான ரிப்பன் வயரை ஜன்னல் வழியாக உள்ளே இறக்குவார்கள். மேலே ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். “வந்துருச்சா?” “இல்லண்ணே, புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. இன்னுங் கொஞ்சம் கிழக்கால திருப்புங்க!” போதாதென்று பூஸ்டர் வாங்கிப் பொருத்துவதும் உண்டு. அது படத்தோடு புள்ளிகளையும் சேர்த்தே பெருக்கும் என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். ஆனாலும் அனலாக்குக்கு ஒரு தயவு இருந்தது. சிக்னல் பாதி வந்தால் பாதிப் படமாவது காட்டும். புள்ளிகளுக்கு நடுவே ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாட்டு நிகழ்ச்சி பார்த்த தலைமுறை அது.

1993-ல் இரண்டு தேதிகள் இந்தப் பகுதிக்கு முக்கியம். ஏப்ரல் 14-ல் தமிழில் சன் டிவி, ஆகஸ்ட் 30-ல் மலையாளத்தில் ஏஷ்யாநெட் தொடங்கின. கேபிள்காரர் மொட்டைமாடியில் பெரிய டிஷ் வைத்து, மின்கம்பத்திலும் மரத்திலும் வயரை இழுத்து, இடையிடையே ஆம்ப்ளிஃபயர் மாட்டினார். அந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போனால், வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் டிவியில் படம் இருக்காது. 1995-ல் கேபிள் சட்டம் வந்து, தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்துகொள்ளச் சொன்னது. அதற்குமேல் எந்த அலைவரிசையை எந்த இடத்தில் வைப்பது என்பது பெரும்பாலும் கேபிள்காரர் பாடு. ஒரு தெருவில் தமிழ் வீடு எத்தனை, மலையாள வீடு எத்தனை என்று மாதச் சந்தாவுக்கு வாசற்படி ஏறுகிறவருக்குத் தெரியாதா? ஒரே வயர், ஒரே காசு, இரண்டு மொழியும் வந்தது. எல்லையோர ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு பிறகு அமையவில்லை.

டிஜிட்டல் வந்தபோது வீட்டில் செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை, ஆனால் தொல்லை பிடித்தது. விண்ணப்பப் படிவம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று. செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று வயர். பழைய டிவியின் முதுகில் ஆண்டெனா துளை மட்டும் இருந்தால் அந்த மூன்றையும் செருக இடமில்லை. நடுவே மாடுலேட்டர் என்ற சிறு கருவி தேவைப்பட்டது. அனலாக்கில் ஒரு வயரைப் பிரித்து அடுத்த அறைக்கும் கொடுத்துவிடலாம். இப்போது இரண்டாவது டிவிக்கு இரண்டாவது பெட்டி.

வயர் எட்டாத தோட்டங்களுக்கு, செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டிடிஹெச் கைகொடுத்தது. தூர்தர்ஷனின் இலவச டிடி டைரக்ட் பிளஸ் 2004 டிசம்பரில் வந்தது. சன் டைரக்ட் 2007-ல். சன் டைரக்டுக்குப் படம் தந்த இன்சாட்-4பி செயற்கைக்கோள் நின்ற 93.5 பாகை கிழக்கு என்பது இடுக்கியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு வானில் ஏறக்குறைய 67 பாகை உயரம். கிட்டத்தட்ட அண்ணாந்து பார்க்கும் உயரம் அது. கொடைக்கானல் சிக்னலை மறித்த மலை இதை மறிக்கவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிடைத்த லாபம் இது. ஐரோப்பாவில் இதே டிஷ் அடிவானத்தைப் பார்த்தல்லவா சாய்ந்து நிற்கும்! இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. கனமழை அந்த அலைகளை விழுங்கிவிடும், திரை வெறுமையாகும். டிஜிட்டலில் அரைகுறைப் படம் என்ற பேச்சே இல்லை.

2010 ஜூலை 7-ல் இன்சாட்-4பி-யின் மின்சக்தி அமைப்பு பழுதாகி, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க நேர்ந்தது. சன் டைரக்ட் 91.5 பாகையில் இருந்த மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. இரண்டே பாகைதான். ஆனால் ஒவ்வொரு டிஷ்ஷையும் அந்த இரண்டு பாகைக்குத் திருப்ப ஆள் கூரை ஏற வேண்டியிருந்தது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்தது வேறு கதை. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி, 2011-ல் 70 ரூபாய் மாதச் சந்தாவோடு மறுபிறவி எடுத்த அரசு கேபிள், 2017 செப்டம்பரில் அதன் இலவச செட்டாப் பாக்ஸ். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமமே அந்த வருஷம் ஏப்ரலில்தான் கிடைத்தது. கோயம்புத்தூரின் கெடு முடிந்து 4 வருஷம் ஆகியிருந்தது. இந்தச் சலுகை எதுவும் வாளையாரையோ போடிமெட்டையோ தாண்டி வரவில்லை. கேரளத்தில் கேபிள்காரர்களே ஒன்றுசேர்ந்து கேரளா விஷனை நடத்தினார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ் வீட்டுக்கு வாய்த்த பெட்டி கேரளா விஷன் போன்றவர்களுடையதுதான், அதுவும் காசு கொடுத்து.

2019 பிப்ரவரி 1-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடப்புக்கு வந்தது. அப்போது 100 இலவச அலைவரிசைகளுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை: சன் டிவி 19 ரூபாய், ஏஷ்யாநெட் 19 ரூபாய். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் உள்ள குடும்பம் இரண்டையும் வாங்க வேண்டியிருந்தது. கேடிவி வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு 19. மொத்தமாகப் பொட்டலம் எடுத்தால் மலிவு என்றார்கள். அந்தப் பொட்டலங்களோ பெரும்பாலும் ஒரு மொழியை வைத்துக் கட்டப்பட்டவை.