றெயில் நிற்காத சந்தி

மான்மவுத் ஜங்ஷனில் றெயில் நிற்பதில்லை. நியூயோர்க்கையும் பிலடெல்பியாவையும் இணைக்கும் பெரும்பாதை ஊருக்குள்ளால்தான் போகிறது. அக்செலா வண்டிகள் மணிக்கு 125 மைலுக்கும் மேலான வேகத்தில் கடந்துபோகின்றன. ஏறவேண்டுமானால் பிறின்ஸ்ரன் ஜங்ஷனுக்கோ நியூ பிறன்ஸ்விக் பக்கமோ போகவேண்டும்.

இன்னொரு வேடிக்கை, இந்த ஊர் மான்மவுத் கவுண்டியில் இல்லை. இருப்பது மிடில்செக்ஸ் கவுண்டியில், சவுத் பிறன்ஸ்விக்கின் எல்லைக்குள். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாதையிலிருந்து ஒரு கிளை ஜேம்ஸ்பேர்க் வழியாக மான்மவுத் கவுண்டியின் ஃபிறீகோல்ட்டை நோக்கியும், இன்னொன்று றொக்கி ஹில்லுக்கும் இங்கே பிரிந்தன. போகிற திசையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்ரேசன் போய்விட்டது. தபாற்கந்தோர் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியமில்லை. 1990இலிருந்து 2014வரை யாழ்ப்பாணத்துக்கு றெயில் ஓடவில்லை. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. றெயிலைக் காணாமலே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் வழி சொல்லும்போது 'ஸ்ரேசனடி' என்றுதான் சொன்னோம்.

இங்கே புதிதாக வருபவர்கள், இது நேற்று முளைத்த ஊர் என்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. சவுத் பிறன்ஸ்விக்கின் சனத்தொகை 1990இல் 25,792; 2020இல் 47,043. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் களஞ்சியங்களும், ஒரே அச்சில் வார்த்த வீடுகளும், முதலாம் இலக்க நெடுஞ்சாலையும், அதன் ஓரத்துச் சாப்பாட்டுக்கடைகளும்தான். அந்தக் கடைகளின் குசினிகளில்தான் எங்கள் சீவியம். சரித்திரம் என்று கேட்டால் அயலிலுள்ள பிறின்ஸ்ரனைக் காட்டுவார்கள். ஹிட்லருக்குத் தப்பி 1933இல் அங்கே வந்த ஐன்ஸ்ரைனும் எங்களைப் போல அகதிதான். அவர் இருந்த வீட்டை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களைப் பற்றியே நாங்கள் இங்கே எழுத விரும்புகிறோம்.

மேற்கே கிங்ஸ்ரன் வழியாக டெலவெயர் - றாறிற்றன் கால்வாய் போகிறது. போர்டன்ரவுனிலிருந்து நியூ பிறன்ஸ்விக் வரை 44 மைல். 1830இல் தொடங்கி 1834இல் திறந்தார்கள். மண்வெட்டியாலும் பிக்கானாலும் அதை வெட்டியவர்களில் பெரும்பாலானோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1832இல் வாந்திபேதி வந்தது. செத்தவர்கள் பலரைக் கால்வாய்க் கரையிலேயே பெயரின்றிப் புதைத்தார்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரி அந்த வழியால் நியூயோர்க்குக்குப் போனது. 1932இல் படகுகள் நின்றுபோயின. ஆனால் தண்ணீர் இன்றும் ஓடுகிறது; மத்திய நியூ ஜேர்சியில் பல இலட்சம் பேர் அதைக் குடிக்கிறார்கள்.

இதைவிடக் கனமான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வடபகுதியில் அடிமைகள் இருக்கவில்லை என்று நினைப்பவர்கள் பலர். நியூ ஜேர்சி 1804இல்தான் சட்டம் போட்டது. அதுவும் அந்த வருடம் யூலை 4க்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களும், பெண்ணானால் 21 வயதுவரை, ஆணானால் 25 வயதுவரை தாயின் எசமானுக்கு உழைக்கவேண்டும். அவர்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அவர்களுடைய சம்மதம் தேவை என்றும் சட்டம் இருந்தது. 1818இல் இதே மிடில்செக்ஸ் கவுண்டியின் நீதிபதி ஜேக்கப் வான் விக்கிள், சம்மதித்தார்கள் என்று பத்திரம் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்களைக் கப்பலேற்றி லூயிசியானாவுக்கு அனுப்பினார். அங்கே அவருடைய மைத்துனர் சார்ள்ஸ் மோர்கன் தோட்ட முதலாளி. போனவர்களில் சட்டப்படி சுதந்திரமாகப் பிறந்த குழந்தைகளும் இருந்தார்கள். விசயம் வெளியே வந்து அந்த வருடமே சட்டத்தை இறுக்கினார்கள். நீதிபதிக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

'இவர் தன் விருப்பப்படி சொன்னார்' என்று அதிகாரி எழுதும் ஒரு வரி மனிதரை என்ன செய்யும் என்பதை அகதிகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில், தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் அயலூரான ஈஸ்ற் பிறன்ஸ்விக்கில் சிலர் சேர்ந்து, அப்படி அனுப்பப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அந்தப் பெயர்களைக் காத்து வைத்திருந்தவற்றுள் அந்த நீதிபதியின் பொய்ப் பத்திரங்களும் அடங்கும். கால்வாய் வெட்டியவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இந்த நாட்டில் எங்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருப்பது தஞ்சம் கோரிய கோவைகளில் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் வழக்கறிஞர் சுருக்கியதும் அங்கே உண்டு. எங்கள் சொல் இல்லை. கோப்பை கழுவியும் தோசை சுட்டும் நாங்களும் இந்த ஊரை ஆக்குகிறோம். பின்னால் வருபவர்கள் தேடும்போது அந்தக் கோவைகள் மட்டும் கிடைத்தால் போதாது. எங்கள் எழுத்தில், எங்கள் மொழியில் ஒரு பக்கமாவது இருக்கவேண்டும்.