பழவேற்காடும் பங்கு வாணிகமும்

பங்காளர்க்கு ஊதியம் ஈட்டித் தருதலே வாணிகக் குழுமத்தின் கடனா, அதனால் வாழ்வும் தாழ்வும் எய்தும் பிறர்க்கும் அது கடமைப்பட்டதா என்னும் வினா, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையோடு பிறந்ததன்று. அப்பேட்டைக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் நானூறு ஆண்டுகட்கு முன்னரே அதற்கு வித்திடப்பட்டது.

1602-இல் தோன்றிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பினி, பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டியது. விசயநகர வேந்தன் இரண்டாம் வேங்கடனின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் காலூன்றி, 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியது. இக்கரையில் நெய்த துணிகளே கீழைத்தீவுகளில் நறுமணப் பொருள்கட்கு மாற்றாயின.

1622-இல் ஒல்லாந்துப் பங்காளர் சிலர், கணக்குக் காட்டுக என இயக்குநரை எதிர்த்துச் சிறு நூல்கள் வெளியிட்டனர். மறு ஆண்டு அவர்கட்குச் சில உரிமைகள் கிட்டின. அக்காலத்தேதான் பஞ்சத்தால் விலைப்பட்ட மக்கள் பழவேற்காட்டுத் துறையினின்றும் பத்தாவியாவுக்கு அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். இவர் பொருட்டுக் கணக்குக் கேட்கும் கடமை எப்பங்காளர்க்கும் இருந்ததில்லை.

தமிழ் வணிகர் குறையற்றவர் என யாம் கூற வரவில்லை. எனினும், ஐந்நூற்றுவர் தம் சரக்கின்மீது தாமே ஒரு பகுதி விதித்துக் கோயிற்கு ஈந்ததைப் பிரான்மலைக் கல்வெட்டு காட்டுகின்றது.

2013-ஆம் ஆண்டுக் குழுமச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, இயக்குநர் பங்காளரோடு பணியாளர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் பேணக் கடவர் என்கின்றது. அந்நலன்கள் தம்முள் முரணுங்கால் எது முற்படும் என்பதை அது கூறிற்றில்லை.