தெருவும் வரியும்: மாத்தளை மாவட்டப் பாதைகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மாத்தளை என்றதும் வரலாற்று மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியே. புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா ஆகியோரின் பெயர்களும், தம்புள்ளையில் நிகழ்ந்த முடிசூட்டு விழாவும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால், அக்கிளர்ச்சியைத் தூண்டிய வரிகளுள் ஒன்று தெரு அமைப்பதற்கான வரி என்பதும், அவ்வரியை விதித்த சட்டமே மாவட்ட மட்டத்திலான தெரு நிருவாகத்துக்கு அடிகோலியது என்பதும் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. தெருவை யார் உழைப்பில் அமைப்பது, யாருக்காக அமைப்பது, அதைப் பற்றி முடிவு செய்வோர் யாவர் என்னும் வினாக்களை மனத்திற் கொண்டு இம்மாவட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானபின், மலைநாட்டைக் கரையோரத்துடன் இணைக்கும் தெருக்கள் முதலில் படைத் தேவை கருதியே அமைக்கப்பட்டன. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் இப்பணியில் பெருமுனைப்புக் காட்டினார். அவர் பயன்படுத்திய உழைப்பு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமாகும். மன்னர் காலத்தில் நிலத்தோடும் வழமையோடும் பிணைந்திருந்த கடமையொன்று, காட்டை வெட்டிக் கல்லுடைக்கும் கூலியில்லா வேலையாக மாறிற்று. கோல்புறூக்கின் சிபாரிசின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் தெருக்களுக்கு வேண்டிய ஆட்பலம் அரசாங்கத்துக்கு எளிதிற் கிட்டவில்லை. இதே வேளையில் கோப்பிச் செய்கை மாத்தளை மலைச்சரிவுகளிலும் பரவத் தொடங்கியது. தோட்டத்துரைமார் வேண்டியது ஒன்றே: அறுவடையைக் கண்டிக்கும் கொழும்புக்கும் கொண்டு செல்லத்தக்க வண்டித்தெரு.

இப்பின்னணியிலேயே தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில் 1848ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும். இயலாவிடின் பணம் செலுத்த வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட புதிய வரிகள் இதனுடன் சேர்ந்துகொண்டன. அதே காலப்பகுதியில் கோப்பிக்கான ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். கோப்பி விளைவித்தவன் சுமை குறைந்தது. கோப்பி செல்லும் தெருவை அமைக்கும் சுமை நெல் விளைவித்தவன்மீது ஏறியது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்த இராசகாரியம் வேறு பெயரில் திரும்பி வந்ததாகக் குடியானவன் கருதியதில் வியப்பில்லை. பௌத்த துறவிகளும் இக்கடமைக்கு உட்படுத்தப்பட்டமை எரிகின்ற நெருப்பில் நெய் வார்த்தது. யூலை இறுதியில் மக்கள் திரண்டு மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். டொரிங்டன் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார்.

ஆயினும் வரிகளுள் எது எஞ்சியது என்பதே எமது ஆய்வுக்கு முக்கியமானது. நாய் வரியும் துப்பாக்கி வரியும் கடை வரியும் கைவிடப்பட்டன. தெருச் சட்டமோ, துறவிகளுக்கு விலக்களித்துவிட்டு, நிலைத்துநின்றது. 1861ஆம் ஆண்டின் சட்டம் அதனை மேலும் ஒழுங்குபடுத்தியது. மாகாணத் தெருக்குழு, மாவட்டத் தெருக்குழு என்னும் அமைப்புகள் இச்சட்டங்களின் வழி வந்தவையே. இன்றைய உள்ளூராட்சியின் முன்னோடிகளைத் தேடுவோர் பெரும்பாலும் பண்டைய கம்சபாக்களையே சுட்டுவர். என் கருத்தில், கலகத்தில் விளைந்த இத்தெருக்குழுக்களுக்கும் அவ்வரிசையில் இடமளித்தல் வேண்டும்.

இனி, இத்தெருவில் நடந்துவந்த மற்றொரு மக்கட் கூட்டத்தைக் காண்போம். தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். இதுவே 'வடபாதை' எனப்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. பிற்காலத்தில் கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் இப்பாதையில் அமைக்கப்பட்டன. காட்டைக் கடந்து மலையடிவாரத்தை அடைந்தோர் முதலிற் கண்ட பட்டினம் மாத்தளையே. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் பெருந்தெருவின் ஓரத்திலேயே அமைந்திருப்பதும், மாசிமகத்தில் ஐந்து தேர்கள் அத்தெருவிலேயே பவனி வருவதும் இவ்வரலாற்றை அறிந்தவர்க்குத் தற்செயலாகத் தோன்றா.

தெருவரியிலிருந்து இத்தொழிலாளருக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. மேலோட்டமாக இது சலுகையே. ஆனால் அவர்கள் வசித்த லயங்களும் நடந்த பாதைகளும் தோட்டத்தின் தனியுடைமையாயிருந்தன. பொதுத்தெரு வேறு, தோட்டத்தெரு வேறு என்ற பிரிவினை இங்கேயே வேரூன்றியது.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. கோப்பியை நம்பியிருந்த நாட்டில், கோப்பி இலைநோயால் மடிந்துகொண்டிருந்த வேளையில் அது வந்தமை வரலாற்றின் விளையாட்டு. இன்றுவரை அப்பாதை மாத்தளையோடு நின்றுவிடுகின்றது.

முன் கூறிய பிரிவினை 1937ஆம் ஆண்டளவில் வெளிப்படையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமையை விரிவாக்கும் சட்டமூலம், இந்தியத் தோட்டத் தொழிலாளரை மட்டும் விலக்கும் வகையில் முதலில் அமைந்தது. இனப்பாகுபாடு என்ற ஆட்சேபம் எழவே, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் எவராயினும் விலக்கப்படுவர் என அது மாற்றப்பட்டது. தோட்டங்கள் தம் தெருக்களைத் தாமே பார்த்துக்கொள்கின்றன, ஆகவே கிராமச் சங்கத்தில் அவர்களுக்கு என்ன அலுவல் என்பதே அன்றைய வாதம்.

பஸ் சேவை 1958இல் தேசியமயமாயிற்று; 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது; தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் பழைய எல்லைக்கோட்டை அழிக்கவில்லை. அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்டமக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரே அவர்தம் பாதைக்கு ஒரு சுமை கல் கொட்டுவதற்குத் தோட்ட நிருவாகத்தின் இசைவை நாடவேண்டியவராயினர். 2018இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. 1848ஐ நினைவிற் கொண்டால் அதற்கு எடுத்த காலம் 170 ஆண்டுகள்.

திருத்தத்தின் பின்னரும் வேலை எளிதாகிவிடவில்லை. தோட்டத்துள் செல்லும் பாதையின் நிலம் தோட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளது. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் அந்நிறுவனம் பல இடங்களில் அரசுக்கே உரியது. பாதையைச் செப்பனிடும் அதிகாரம் பிரதேச சபையிடம் உள்ளது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையாகும். பெருந்தெருச் சந்தியில் இறங்கி லயத்துக்கு நடக்கும் தொழிலாளி தன் வாசலுக்கு பஸ் வரவேண்டுமென்று மனுவொன்று எழுதினால், அதை மூன்று பிரதிகள் எடுத்து மூன்று கந்தோர்களுக்கு அனுப்பவேண்டியவராகவே இருக்கின்றார்.