மலைமேல் இருக்கும் ஊர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை; மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது. ‘உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?’ என்று கேட்டால், காஞ்சிபுரத்தைச் சொல்வார்கள். பிழைக்க வழியின்றிப் புறப்பட்ட முன்னோர் தங்கள் தெய்வமான கரியராமரையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், சகோதரர் மூவரின் வழியினர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களது வாய்வழி மரபு. ஊரைவிட்டுப் போனாலும் தெய்வத்தை விட்டுப் போகவில்லை என்பதே அந்தக் கதையின் உயிர்.

இதே போன்ற ஒரு பயணம் உலகின் இன்னொரு மூலையிலும் நடந்தது. இங்கிலாந்தில் அரசரே திருச்சபைக்கும் தலைவர். அந்தச் சபை முழுமையாகத் தூய்மை பெறவில்லை என்று சொன்ன பியூரிட்டன் மக்கள் துன்புறுத்தப்பட்டார்கள். அவர்களில் சபையைவிட்டே பிரிந்த ஒரு குழுவினர் 1620இல் மேஃபிளவர் என்ற கப்பலில் அமெரிக்கா சென்றார்கள். கப்பலில் இருந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். எஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர்கள் அம்மண்ணின் பழங்குடியினர்.

1630இல் இன்னும் பெரிய கூட்டம் பாஸ்டன் பகுதிக்கு வந்தது. அதன் ஆளுநர் ஜான் வின்த்ரோப், மலைமேல் இருக்கும் ஊரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 5:14) நினைவூட்டி, ‘உலகின் கண்கள் நம்மேல் இருக்கின்றன’ என்ற கருத்தில் பேசினார். அவர்களிடம் நல்லது பல இருந்தது. மறைநூலை எல்லாரும் வாசிக்கவேண்டும் என்பதற்காக, 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று 1647இல் சட்டம் போட்டார்கள். ஆண்டுதோறும் தேர்தல் நடத்தினார்கள். குருக்கள் அரசுப் பதவி வகிக்கவில்லை.

ஆனால் 1631இலேயே, சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று முடிவு செய்துவிட்டார்கள். சபையில் சேர்க்கப்படாதவருக்கு ஆட்சியிலும் குரல் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டம் வந்தது. நம் கத்தோலிக்கக் குருக்கள் அங்கு நுழையக்கூடாது; விரட்டப்பட்ட பிறகு திரும்பி வந்தால் மரண தண்டனை. குவேக்கர் சபையைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்மணி 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். மனச்சான்றை அரசு கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரும் நாடு கடத்தப்பட்டார். 1636ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் யார்? பழங்குடி மக்கள்தான்! விடுதலை தேடி ஓடிவந்தவர்கள், தங்கள் கையில் ஆட்சி வந்ததும் மற்றவர்களை ஓடவைத்தார்கள்.

நம் மலைக்குத் திரும்புவோம். அங்கும் வழக்குகளை ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூடித் தீர்த்தார்கள். கட்டுப்பாட்டை மீறியவரைச் சாதியைவிட்டுத் தள்ளிவைப்பதும் உண்டு. அவர்களுக்கு மேலே சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பெயர்களில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். மக்கள் அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டியிருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. ஜாகீர் ஆட்சி முடிந்ததோ 1976இல்தான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலைமேல் இருக்கும் ஊர் மறையாது என்றார் ஆண்டவர். நாமோ கண்ணெதிரே இருந்த மலையைப் பல காலம் பார்க்காமலே இருந்துவிட்டோம்.

பியூரிட்டன்களை மட்டும் குறைசொல்லும் தகுதி நமக்கில்லை. கோவாவில் 1560இல் விசாரணை மன்றத்தை நிறுவியவர்கள் நம் திருஅவையினரே. சமய நம்பிக்கையில் யாரையும் வற்புறுத்தக்கூடாது, அந்த உரிமை மனித மாண்பிலிருந்தே வருகிறது என்று 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தெளிவாக அறிவித்தது.

அதைப் படித்துத்தான் நாமும் குருவானோம். ஆயினும், முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கோயில் வரி பாக்கியைக் காரணம் காட்டி ஒரு முதியவரின் அடக்கத்தை மதியம்வரை நிறுத்திவைத்தோம். அவர் மகன் கடன் வாங்கிவந்து மேசைமேல் வைத்த அந்த நோட்டுகள் இன்னும் நம் கண்ணில் நிற்கின்றன. பங்குப் பேரவையின் தீர்மானம் என்று அன்று சொன்னோம். பாஸ்டனிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்பானவர்களே, நம் பங்கிலும் அன்பியத்திலும் யாரையாவது தள்ளிவைத்திருக்கிறோமா? வரி கட்டாதவரை, வேறு சாதியில் மணம் முடித்தவரை, எதிர்த்துப் பேசியவரை? இந்த வாரம் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். கணக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஆண்டவரே, எங்கள் கையில் உள்ள சிறு அதிகாரமும் பணிவிடையாக மாற அருள்தாரும். ஆமென்.